அண்ணையின் காலும் என் குரலும்

காலை வெட்டாவிட்டால் ஆள் தப்பமாட்டார் என்று வைத்தியர் சொன்னபோது என் அண்ணை ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எவர் போய் நின்றாலும் அந்த முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இது அறுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது. ஆடி மாதக் கடைசி. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் திருவிழாக் கொடியேற இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன. நாங்கள் தொண்டைமானாற்றுக் கடற்றொழில் குடும்பம். என்னைப் பெற்ற ஐயா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கடலில் இறந்துபோனார். என்னை வளர்த்ததும் படிப்பித்ததும் அண்ணைதான். தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, பொம்பிளைப் பிள்ளையை ஊர் விட்டு அனுப்புவதா என்று சொந்தக்காரர் எல்லாரும் குதித்தார்கள். "அவள் போகட்டும். அவளுக்கு வாய் இருக்கு, பிழைச்சுக்கொள்ளுவாள்" என்று அண்ணை ஒரே பேச்சில் அலுவலை முடித்தார். அவர் சொன்னது பொய்யில்லை. கதைப்பதில் எனக்கு அன்றும் குறைவில்லை, இன்றும் குறைவில்லை.

கரைவலை இழுக்கும்போது திருக்கை முள் அவருடைய குதிக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு புதினமே இல்லை. புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் தொழிலுக்குப் போனார். அவருக்குச் சலரோகம் இருந்தது அவருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எனக்கும் தெரியாது. சீனி கூடின உடம்பில் புண் ஆறுமா? கால் மணக்கத் தொடங்கிய பிறகுதான் மச்சாள், அண்ணையின் மனைவி, பயந்துபோய் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். நான் பிள்ளை பெற்றவர்களின் வாட்டில். அவர் ஆண்களின் சத்திரசிகிச்சை வாட்டில். கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது விரல்கள் கறுத்துப்போயிருந்தன. வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டார். "முழங்காலுக்குக் கீழை இப்ப வெட்டினால் ஆளைக் காப்பாத்தலாம். அழுகல் முழங்காலைத் தாண்டினால் பிறகு நான் வெட்டியும் பிரயோசனம் இல்லை. ஆனால் அவர் ஓம் எண்டு சொல்லாமல் நான் கத்தி வைக்க மாட்டன்."

அந்த ஒரு ஓமுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஐயாவின் தம்பி, எங்கள் குஞ்சியப்பு, வந்து நின்று ஏசினார். "மூண்டு குமரை வைச்சுக்கொண்டு உனக்கென்னடா பிடிவாதம்?" என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மச்சாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மூன்று பெண் பிள்ளைகளையும் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினோம். முதுகு அசையவில்லை.

நான் சும்மா இருப்பேனா? பயிற்சியில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நோயாளிக்கு விளங்கும் சொல்லில் பேசவேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, பயம் என்னவென்று அறிந்து தேற்றவேண்டும் என்று. அவர் தொழிலை நினைத்துப் பயப்படுகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒற்றைக் காலோடு கிழிந்த வலை பொத்துகிறவர்களைச் சொன்னேன். மரக்கால் போட்டுச் சைக்கிள் ஓடுகிறவரைச் சொன்னேன். பாடத்தில் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன், இல்லாததையும் சொன்னேன். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"தங்கச்சி, உனக்கு வேலை கிடக்கும். நீ போ."

ஒவ்வொரு நாளும் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. அது என்ன சொல்கிறது என்று மற்றவர்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும். விளங்கியதுதான் என் பெரிய தண்டனையாக இருந்தது. வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவுகிற சாட்டில் அழுவேன்.

வைத்தியர் இன்னும் இரண்டு நாள்தான் பொறுக்கலாம் என்று சொன்ன அன்று பின்னேரம், வேலை உடுப்போடேயே பஸ் ஏறிச் சந்நிதிக்குப் போனேன். ஆற்றங்கரையில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது பூசை தொடங்கியிருந்தது. எங்கள் சந்நிதியில் பூசை எப்படி என்று அடியார்களான உங்களுக்குத் தெரியும். பூசை செய்பவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஒன்றும் சொல்லாமல், மௌனமாகத்தான் பூசை. மணிச்சத்தம் மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் கதறினேன். முருகா, அண்ணையின் மனம் மாறும்படி எனக்கு ஒரு வார்த்தை தா. நான் சொல்லவேண்டிய அந்த வார்த்தை எது என்று எனக்குக் காட்டித் தா. திருவிழாவில் உனக்குக் கற்பூரச் சட்டி எடுக்கிறேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் காலை எழும்பினேன். குரல் இல்லை.

தொண்டை கட்டி, கரகரப்புக்கூட இல்லாமல் வெறும் காற்றுத்தான் வந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் கேட்டது என்ன, இவன் தந்தது என்ன? இருந்த வாயையும் பிடுங்கிவிட்டானே என்று நினைத்தேன். விபூதி பூசக்கூட மனம் வரவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன்.

என் வாட்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி, மிஸி, என் தொண்டையைப் பார்த்துவிட்டு, "உந்தத் தொண்டையோடை குழந்தையளுக்குக் கிட்டப் போகாதை. ஒரு கிழமை லீவு. வாய் திறக்கப்படாது, திறந்தால் குரலை மறந்துவிடு" என்றார். நான் ஆண்கள் வாட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி போ. வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு போ."

வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு போனேன். மத்தியான நேரம். பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அண்ணை வழமைபோலச் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். இவ்வளவு நாளும் நாங்கள் எல்லாரும் முதுகுப் பக்கம் நின்றுதான் கதைத்தோம். குரல் இருந்தபடியால் அது போதுமாக இருந்தது. இன்றைக்கு முதுகுப் பக்கம் நின்றால் நான் வந்ததே அவருக்குத் தெரியாது. கட்டிலைச் சற்று இழுத்துவிட்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த ஒடுங்கின இடத்துக்குள் ஒரு முக்காலியை நுழைத்து இருந்தேன். இப்போது அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. எவ்வளவு மெலிந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் கண்டேன்.

அவர் என்னைக் கனநேரம் பார்த்தார்.

"சந்நிதியிலை பூசைக்கு நிக்கிறமாதிரி இருக்கிறாய்" என்றார்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. நான் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தேன். கையைத் துடைத்தேன். விசிறியை எடுத்து விசுக்கிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? நேரம் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், நித்திரை என்று நினைத்தேன்.

"வெட்டின காலை உவங்கள் என்ன செய்வாங்கள்?"

கண்ணை மூடியபடியேதான் கேட்டார். என் கையில் விசிறி நின்றுவிட்டது. குரல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உது ஒரு கதையே அண்ணை, உயிரைப் பாருங்கோ என்று பாய்ந்திருப்பேன். அவரும் பழையபடி வாயை மூடியிருப்பார். குரல் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயாவைக் கரையிலை கண்டெடுக்கேக்கை ஒரு கால் இல்லை" என்றார். "உங்கள் ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. அம்மாவுக்கும் சொல்லேல்லை. பொம்பிளையளுக்குக் காட்டாமல் துணியாலை சுத்தித்தான் கொண்டு வந்தனாங்கள். என்னோடை வந்த வள்ளக்காரச் சம்மாட்டிக்கு மட்டும் தெரியும், அவரும் இப்ப இல்லை. கொள்ளி வைச்சது நான். அரைகுறையாய்த்தான் அவரை அனுப்பினனான், தங்கச்சி. பிறகு எத்தினை நாள் அந்தக் காலைத் தேடிக் கரை வழியை நடந்தனான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

கண்ணீர் அவர் காதுப் பக்கமாக வழிந்தது. நான் துடைக்கவில்லை. என் கண்ணிலிருந்து வழிந்தது வாயில் கட்டிய துணியை நனைத்தது.

"இப்ப என்ரை காலை வெட்டி உந்தப் பின்பக்கக் குப்பைக் கிடங்குக்கை போடுவாங்கள். நாயோ காகமோ இழுக்கும். பிறகு ஒருநாள் நானும் அரைகுறையாய்த்தான் போகவேணும். அதைவிட இப்பவே முழுசாய்ப் போறன். விடுங்கோவன்."

தொழிலும் இல்லை, மரக்காலும் இல்லை, மூன்று குமரும் இல்லை. இதுதான் அவர் நெஞ்சுக்குள் கிடந்தது. இவ்வளவு நாளும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அவரைச் சொல்ல விடவுமில்லை.

நான் எழும்பி நேரே வைத்தியரிடம் போனேன். அவர் குனிந்து என் வாயருகே காதைக் கொடுத்தார். "வெட்டின காலை எங்களிட்டைத் தருவீங்களோ, சேர்?" என்று காற்றாகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்காகவோ இவ்வளவு நாளும்?" நான் தலையாட்டினேன். பிறகு, "தாறன் எண்டு போய்ச் சொல்லுங்கோ" என்றவர், என் வாய்க்கட்டைப் பார்த்துவிட்டு, "இல்லை, நானே வந்து சொல்லுறன்" என்று என்னோடு நடந்து வந்தார்.

வைத்தியர் சொன்னதைக் கேட்டு அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "ஐயாவை எரிச்ச இடத்திலை எரிக்கவேணும். சாம்பலை ஆத்து வாயிலை கரைக்கவேணும். ஐயாவின்ரை கால் அந்தக் கடலிலைதானே கிடக்கு." பிறகு வைத்தியரைப் பார்த்து, "ஓம்" என்றார்.

மறுநாளே அண்ணையின் காலை வெட்டினார்கள். வெள்ளை வேட்டியில் சுற்றிய காலைக் குஞ்சியப்பு வாங்கினார். வாட்டில் நின்று கத்திய அதே மனிதர் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் போனார். சுடலையில் முறைப்படி எரித்து, சாம்பலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் கரைத்துவிட்டு வந்து அண்ணையின் காதுக்குள் சொன்னார்.

வெட்டியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ச்சல் அடித்தது. ஒரு பக்கம் தையல் விட்டது. சீனி இறங்க மறுத்தது. கொடியேற்றம் வந்து போனதுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் பிழைப்பார் என்பார்கள், மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் குரல் திரும்பியது, ஆனாலும் நான் அதிகம் கதைக்கவில்லை. அந்த முக்காலியில் போய் இருந்தேன். தேர் முடிந்த மறுநாள்தான் காய்ச்சல் விட்டது. அன்று தீர்த்தத் திருவிழா. ஓடிப்போய்க் கற்பூரச் சட்டி எடுத்தேன். ஏசின வாயாலேயே அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அண்ணை திரும்பத் தொழிலுக்குப் போகவில்லை. சில நாட்களில் கடலைப் பார்த்தபடி சாப்பிடாமல் இருப்பார். அந்தத் துக்கம் போகவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மூன்று குமரையும் கட்டிக்கொடுத்தார், பேரப்பிள்ளைகளையும் கண்டார்.

நானும் பழைய ஆள் இல்லை. வாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறவர்களைக் கண்டால், முகம் இருக்கிற பக்கம் போய் இருக்கிறேன். லீவு நாட்களில் எங்கள் கரைக்குப் போய், வலை பொத்துகிற ஆட்களின் கால்களைப் பார்க்கிறேன். முள் ஏறினால் சுடுதண்ணியில் வை, கழுவு, புகையிலை வைக்காதே, ஆஸ்பத்திரிக்கு வா, சீனி பார் என்று சொல்கிறேன். சொல்வதற்கு முன் அவர்கள் கதையை முழுதாகக் கேட்கிறேன். அதனால்தான் நான் சொல்வதை அவர்களும் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடியார்களே, நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாக ஒன்று வந்து விழுந்தால், என்னைப்போல விபூதியைத் தள்ளிவைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். சந்நிதியான் கைவிடமாட்டான். உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்த்தபடி ஒருவர் கிடந்தால், அவனை நம்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அண்ணை ஊன்றுகோலோடு வந்தார். பூசை முடிந்து ஆற்றங்கரையில் இருவரும் இருந்தோம். வெயில் எரித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கால் குளிருது" என்றார்.

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. அவர் இல்லாத காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டின காலில் நோவும் குளிரும் தெரிவது உண்டு, நரம்பின் வேலை அது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

"தண்ணிக்கை நிக்குது" என்றார். "ஐயாவோடை நிக்குது."

எனக்குக் குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.