அரண்மனைக் குளத்துத் தண்ணீர்

திருச்சுழிப் பக்கம் ஒரு பழைய அரண்மனையைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. ஊரே வறண்ட பஞ்சத்திலும் ராணி குளித்த குளம் வற்றவில்லை என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

ஒருநாள், பாளையம்பட்டியில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா குறுக்கிட்டார்.

“எப்பிடிங்க வத்தும்? எங்க ஊருக் கெணத்தையில்ல எறைச்சு, வண்டி வண்டியாக் கொண்டாந்து ஊத்துனாக. எங்க பாட்டனோட தங்கச்சிக ரெண்டு பேரு அந்தக் கோடையில தவிச்சே செத்தாக.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அதெல்லாம் ஊருக்குள்ள கட்டிவிட்ட கதைம்மா” என்று சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. அவர் வெளியே போய்விட்டார்.

அந்தத் தண்ணீர் வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் என் பூட்டன். வீட்டில் பலமுறை கேட்ட கதை அது. தெரிந்தே அந்த அம்மாவைப் பொய்க்காரியாக்கினேன். அவர் கடை வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். இறங்கத் துணிச்சல் வரவில்லை.