‘ஆம்’ என்று அத்தான் எழுதவைத்த விண்ணப்பம்

அத்தான் களுதாவளையில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதில் இழந்ததால் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி, அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். அப்பா காலமானபின் என்னைப் படிக்கவைத்தவரும் அவரே. அவரது நற்குணங்களை உறவினர் அறிவர். அறியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்ததும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நிதியுதவி தேவையா என்று அதில் ஒரு கேள்வி. வெளிநாட்டு மாணவர் ‘ஆம்’ என்றால், இடம் கொடுப்பதைத் தீர்மானிக்கும்போது அதையும் கவனிப்போம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள்; அது வாய்ப்பைக் குறைக்கலாம். ‘இல்லை’ என்றவர் பிறகு உதவி கேட்கவும் முடியாது.

“இல்லையெண்டு போடுவம் அத்தான். முதல்ல இடம் கிடைக்கட்டும்.”

“கிடைச்சாப் பிறகு காசுக்கு எங்க புள்ள போற? கொக்காட வீட்டத்தான் விக்கணும்.”

“வித்தா விக்கட்டும், அவள் படிக்கட்டும்” என்றார் அக்கா. அத்தான் அசையவில்லை. மூன்று நாள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசி நாள் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“உள்ளத உள்ளபடி போடு.”

‘ஆம்’ என்றே அனுப்பினேன்.

பங்குனியில் மறுப்பு வந்தது. காரணம் எழுதவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்றே நினைத்தேன். வேலை முடிந்து வந்த அத்தான் செருப்பைக் கழற்றுமுன்னே கத்தினேன்.

“வீட்டக் காப்பாத்த என்ட படிப்பக் கெடுத்திட்டீங்க. இது என்ன உங்கட வீடா?”

அக்கா கையை ஓங்கினார். “அவளுக்கு அடிக்காத” என்று மட்டும் அத்தான் சொன்னார்.

இங்கேயே பல்கலைக்கழகம் முடித்து ஆசிரியையானேன். செலவெல்லாம் அத்தானுடையது. ஆனால் வீட்டு விடயத்தில் அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று கேட்டால்கூட, “கொக்காட்டக் கேளு” என்று அக்காவைக் காட்டுவார்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் அவரது கையைப் பிடித்துக்கொண்டு, “அண்டைக்கு நான் சொன்னத மன்னிச்சிருங்க அத்தான்” என்றேன்.

“எத புள்ள?”

அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அத்தான் இல்லை.

சிகிச்சையில் உதவியவர்களுக்கும், துயர் கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், இன்றைய முப்பத்தோராம் நாள் நினைவுவரை அத்தானின் வீட்டில் எங்களோடு இருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஆம், அத்தானின் வீடு.