பன்னிரண்டாவது ஆள்

ஆர்லீஸ் நைகார்ட் முப்பத்திரண்டு வருடம் ஹோல்கேட் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தவள். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உயிர் போனபின் கண்ணை மூடுவது எல்லாம் அவள் வேலை. அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் அவள் கை படாமல் செத்தவர்கள் குறைவு. எந்தச் சாவுக்கும் அவள் அங்கே நின்று அழுததில்லை. அடுத்த அறையில் ஒருவர் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்.

கணவன் வெர்லின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். கல்யாணமான நாள் முதல் இருவருக்கும் தேர்தலில் ஒத்துப் போனதில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும். சண்டை நன்றாக நடந்த வருடங்களில் இருவருக்கும் ஒரு சுற்று சதை போட்டது.

ஒரே மகன் கர்ட் இருபத்திரண்டு வயதில் இராக்கில், ரோட்டில் புதைத்த குண்டு வெடித்துச் செத்தான். அவன் படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் டன்லீவி தன் கையாலேயே இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். வெர்லின் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். மறு வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் போய்விட்டது. நாலுகால் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அந்த ஜெனரல் ஜனாதிபதித் தேர்தலில் இறங்கியதும், எங்கள் வட்டத்தில் அவருக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை வெர்லின் ஏற்றுக்கொண்டான். தினமும் ஒற்றைக் கையால் போன் பண்ணினான். நாட்டிலேயே முதல் தேர்வு எங்கள் மாநிலத்தில்தான் நடக்கும்; ஜனாதிபதி ஆக வேண்டுமென்றால் எங்கள் சமையலறைகளில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அவரும் வந்தார்.

ஆர்லீஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு அந்த ரோட்ல அவங்களைப் போகச் சொன்னது யாரு?"

"நான்தாம்மா. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதை வச்சு, மறுபடியும் அனுப்பத்தான் செய்வேன்."

வெர்லினின் கண் கலங்கியது. ஆர்லீஸுக்கும் அவரை வெறுக்க முடியவில்லை. மனிதர் பொய் சொல்லவில்லை.

வெர்லின் விருந்தாளிக்குக் காபி ஊற்றத் தொடங்கினான். அவன் ஊற்றினால் நேரமாகும். அந்த வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். ஜெனரல் லேசாகக் கண்ணைக் காட்டினார். கூட வந்தவர் எழுந்து, கெட்டிலை வாங்கி, எல்லாருக்கும் ஊற்றிவிட்டார். "அவரே ஊத்துவாரு" என்று ஆர்லீஸ் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அன்று சாப்பாட்டில் வெர்லின் தொடங்கினான். "தப்பை அடுத்தவன் தலைல கட்டாம 'நான்தான்'னு சொல்ற ஆளு. இன்னொருத்தனைக் காட்டு பாப்போம்."

"நல்ல மனுஷன்தான், யாரு இல்லேன்னா? ஆனா முப்பது வருஷமா அவருகிட்ட யாரும் 'முடியாது'ன்னு சொன்னதில்ல. ஜனாதிபதி வேலையே காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் 'முடியாது'ங்கறதைக் கேட்டுக்கறதுதான்."

"அப்ப நான் நிக்கலாம். நாப்பத்தொரு வருஷமா உங்கிட்ட அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"அவரு ஜெயிச்சா கர்ட் போனது வீணாப் போனதா இருக்காது, ஆர்லீஸ்."

அவள் தட்டுகளை எடுத்தாள்.

ஜனவரியில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நடந்தது. எங்கள் கட்சியில் அன்று சீட்டுமில்லை, பெட்டியுமில்லை. யாரை ஆதரிக்கிறோமோ, அவருக்கென்று ஒதுக்கிய மூலையில் அக்கம்பக்கத்தார் பார்க்க நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை செல்லாது. அவர்களுக்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் வேறு மூலையிலிருந்து ஆள் பிடிக்கலாம், இல்லையென்றால் கலைந்து போகலாம்.

ஆர்லீஸ் போட்டியிலிருந்த ஒரு கவர்னரின் மூலையில் போய் நின்றாள். வெர்லின் எதிர் மூலையில் இருந்தான். எழுபத்துநாலு பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் வேண்டும். தலைமை வகித்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் மார்வ் எக்லண்ட் ஜெனரலின் ஆட்களை எண்ணினார். பதினொன்று.

"ஏம்ப்பா வெர்லின், உன் வீட்டையே உன்னால பிடிக்க முடியல. உங்க ஜெனரல் நாட்டை எப்படிப் பிடிக்கப் போறாரு?" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. வெர்லினும் சிரித்தான்.

அரை மணி நேரமும் அவன் நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மூலை மூலையாகப் போனான். பல் டாக்டரிடம் கேட்டான். பாதிரியாரின் மனைவியிடம் கடிதத்தையே எடுத்துக் காட்டினான். அவள் படித்து, அவன் கையைத் தட்டிக்கொடுத்து, நின்ற இடத்திலேயே நின்றாள். ஆர்லீஸ் நின்ற பக்கம் மட்டும் அவன் வரவில்லை. அவளிடம் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் மார்வ்.

வெர்லின் தன் மூலைக்குத் திரும்பிப் போய், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆர்லீஸ் அதைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

கூடம் கைதட்டியது. "பன்னெண்டு. ஜெனரலுக்கு ஒரு பிரதிநிதி" என்றார் மார்வ்.

வெர்லின் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு நேராகப் பார்த்துக்கொண்டான்.

காரில் பாதி வழி வந்திருந்தார்கள்.

"அந்த மூஞ்சியை நான் பாத்திருக்கேன்" என்றான். "ஹோமுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வரும்போது. ஒம்பதாம் ரூம் கிழவன்கிட்ட காட்டுவியே."

"என்ன மூஞ்சி?"

"செக்கர்ஸ் ஆடும்போது அவனை ஜெயிக்க விடுவியே, அந்த மூஞ்சி."

அவள் வண்டியை ஓட்டினாள். இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் அவனிடம் அவள் அதுவரை பொய் சொன்னதில்லை.

"நீ அங்கயே நின்னிருக்கணும், ஆர்லீஸ். நான் தோத்திருப்பேன். அவ்வளவுதானே."

மாநிலம் முழுக்க ஜெனரலுக்குக் கிடைத்தது சொற்பம். ஒரு வாரத்தில் விலகிக்கொண்டார். வெர்லின் கோபப்படவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கர்ட்டின் அலமாரியில் வைத்தான்.

அதன் பிறகு அவன் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. ஆர்லீஸ் வேண்டுமென்றே அவனைச் சீண்டினாள். தனக்கே நம்பிக்கையில்லாததையெல்லாம் மேசையில் எடுத்துப் போட்டாள். "ராணுவத்துக்கு இவ்வளவு பணம் எதுக்கு? பாதியா வெட்டணும்" என்றாள். முன்பென்றால் கரண்டி பறந்திருக்கும்.

"சரி" என்றான் வெர்லின். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்றாலும் சரி. போதுமா என்றாலும் சரி.

அக்டோபரில் தபாலில் இருவரின் வாக்குச் சீட்டுகளும் வந்தன. அவள் அவனுடையதை அவன் முன்னால் விரித்து, பேனாவை வலது கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"நீயே பாத்துப் போட்டுடு" என்றான்.

"உன் ஓட்டு அது."

"எனக்கு எது நல்லதுன்னு உனக்குத் தெரியுமே."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்துப் போயிருப்பாள். முதியோர் இல்லத்தில் ஆயிரம் தடவை கேட்ட குரலில், சாதுவாகச் சொன்னான். அவள் எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே வெயில் இறங்கும் வரைக்கும் காத்திருந்தாள். அவன் பேனாவைத் தொடவில்லை.

மறுநாள் தபால் நிலையத்தில் ஒரு உறையை மட்டும் போட்டுவிட்டு வந்தாள்.