ஒன்றாம் எண் உறுப்பினர்

சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஏரிப் பாசன சங்கத்தில் அவர்தான் ஒன்றாம் எண் உறுப்பினர். லேமினேட் செய்த உறுப்பினர் அட்டை எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பேச்சுக்குப் பேச்சு அதைத் தட்டிக்கொள்வார். ஏரிக்கு எத்தனை மதகு என்று கேட்டால் தெரியாது. கூட்டத்தில் போண்டா வரும்வரை தூங்குவார்.

தலைவர் மாரடைப்பில் இறந்த அன்று, பிணம் எடுப்பதற்கு முன்பே, பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சங்கத்து சீலு யார்கிட்ட கீது?" என்றார்.

தலைவர் இறந்தால் உறுப்பினர் எண்ணில் மூத்தவர்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது சங்க விதி. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போன மழையில் கல்வராயன் மலைத் தண்ணீர் கரையை உடைக்கப் பார்த்தபோது, இடுப்பளவு வெள்ளத்தில் நின்று மணல் மூட்டை அடுக்கிய பெண் உறுப்பினர் எதிரே அழுதுகொண்டிருந்தார்.

"அந்தம்மா தலைவரா இருக்கட்டுங்க. விதிய மாத்திக்கலாம்" என்றேன்.

"அது நேத்து சேந்த பொம்பள. சீனியாரிட்டின்னு ஒண்ணு வேணாமா?" அட்டையைத் தட்டியபடி என் காதருகே குனிந்தார். வெற்றிலை வாடை அடித்தது. "உன்னுது ரெண்டாம் நம்பரு. இப்ப மாத்திட்டா, எனக்கப்புறம் உனக்கு இன்னாப்பா மிஞ்சும்?"

விதியை மாற்றும் பேச்சை நான் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது அவர்தான் தலைவர். கூட்டத்தில் அவர் இருமினால், எத்தனை நாளாக இருமுகிறார் என்று என் மனசு கணக்குப் போடுகிறது. குமட்டல் இப்போதும் வருகிறது. அவரைப் பார்த்து அல்ல.