ரெயால் எழுதிய கேமரா

ரெயால் வெய்யெத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் வெட்கத்தை விட்டு நானே எழுதுகிறேன்.

மான்ட்ரியாலில் ரயில் பாதையை ஒட்டிய பழைய துணி ஆலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் வீடியோ கேம் கம்பெனி. நான் அங்கே சோதிக்கிறவள். நாள் முழுக்க ஆட்டத்தை ஆடி, எங்கே உடைகிறது என்று பார்த்து, பக் போடுவது, அதாவது பிழைக்குறிப்பு எழுதி அனுப்புவது, என் வேலை. ரெயால் கேமரா எழுதுகிறவன். கேமரா என்றால் கையில் பிடிக்கிற சாமான் இல்லை. கதாநாயகி ஓடும்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கண் கூடவே ஓடிவந்து நமக்குக் காட்டுகிறதே, அது. எங்கே நிற்பது, எப்போது விலகுவது, சுவர் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று அந்தக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பவன் அவன். சரியாக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் ஆடுகிறவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான்.

இளவயதில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைக்கிற நேரத்தில் குறுக்கே போய் நிற்காதவன்தான் நல்ல வீடியோக்காரன் என்பான். அலுவலகத்திலும் அப்படியேதான். கூட்டத்தில் கடைசி நாற்காலி, கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்டாணி சூப், வாயில் வார்த்தை கிடையாது. என்னிடம் மட்டும் வாய் நீளும். அவனுடைய கேமரா மேல் நான் நானூற்றுச் சொச்சம் பக் போட்டிருக்கிறேன் என்பது காரணம்.

"அம்மா தாயே, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்பான். "நம்ம ஆட்டத்துல ஒரு வெள்ளாடு தண்ணிக்குள்ள நடக்குதே, அதைப் போய்ப் பாரேன்."

"ஆட்டைப் பார்க்கலாம்னுதான் போனேன். உன் கேமரா அதோட வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு."

அவன் சிரித்துவிட்டு அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவான். அப்படிச் சரிசெய்கிற ஆள் அந்த மாடியில் அவன் ஒருவன்தான்.

பத்தொன்பது வருஷத்தில் நாலு ஆட்டங்களுக்கு வேலை செய்தவன். நாலும் வெளியே வரவில்லை. இரண்டைப் பாதியில் நிறுத்தினார்கள், ஒன்று கம்பெனியோடு சேர்ந்து மூழ்கியது, ஒன்றை முடித்தபிறகு பரணில் போட்டார்கள். இது எங்கள் தொழிலில் சாதாரணம். ஆனால் நாலுக்கு நாலும் ஒருவனுக்கே வாய்ப்பது அநியாயம். அவன் மனைவி ஜிஸ்லேன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். "இந்த மனுஷன் நிஜமாவே வேலைக்குத்தான் போறாரான்னு எங்க அக்கா கேக்குறா, நான் என்ன பதில் சொல்ல?" என்று அவனை எங்கள் முன்னாலேயே கிண்டல் செய்வாள். அவன் சிரிப்பான். சிரிக்கிற முகமாக இருக்காது.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ஆட்டம் முடிந்ததும் திரையில் உழைத்தவர்களின் பெயர்கள் ஓடும். அதில் 'கேமரா: ரெயால் வெய்யெத்'. அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆட்டம் 'மூழ்கிய மணிகள்'. கடலுக்குள் போன ராஜ்யம், கையில் சம்மட்டியோடு ஒரு பெண், ஏழு கோபுரங்களில் ஏறி ஏழு மணிகளை அடித்து ஊரை எழுப்ப வேண்டும். ஆறு வருஷம் உழைத்தோம். முதல் ஐந்து வருஷம் ரெயால் வெட்டவெளிக்குக் கேமரா எழுதினான். அவள் கோபுர உச்சியில் கால் வைத்ததும் கண் மெல்லப் பின்வாங்கிப் பின்வாங்கி, மொத்தக் கடலையும் காட்டும். முதல் தடவை அதைச் சோதித்தபோது பக் போட மறந்து உட்கார்ந்திருந்தேன். குகை, சுரங்கம், நிலவறை எல்லாம் பாக்கி. மூன்று மாதம் கேட்டிருந்தான். மார்ச்சில், வெளியீட்டுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, ஆள்குறைப்பு என்று ஏழு பேரை அனுப்பினார்கள். அவனும் அதில் ஒருவன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் வெளிவருகிற நாளில் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் பட்டியலில் பெயர். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. எங்கள் இடத்தில் இப்படி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ரெயால் மேலாளர் லோரானிடம் அது ஒன்றைத்தான் கேட்டான்.

"உன் பேரு இல்லாமலா? நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாமப் போ" என்றான் லோரான்.

ரெயால் அதை நம்பினான். நானும் நம்பினேன்.

பெயர்ப் பட்டியல் முதலில் வருவது சோதிக்கிறவர்களிடம்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வரிவரியாக நான் பார்த்தேன். வெளியீட்டுக்குப் பதினைந்து நாள் இருந்தது. என் பெயர் இருந்தது. லோரான் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அந்த ஆறு வருஷத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகள், வரவேற்பறையில் படுத்துக்கிடக்கும் நாய் மொக்கா, எல்லாம் இருந்தது. ரெயால் இல்லை.

ஒரு பக் போட்டேன்: 'பெயர் விடுபட்டுள்ளது.' ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டார்கள்: 'பிழை அல்ல.' லோரான் அறைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். வெளியீடு முடிந்ததும் இன்னொரு ஆள்குறைப்பு வரும் என்று பேச்சு இருந்தது. நான் போகவில்லை. ரெயாலிடம் சொல்லவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாளைக் கடத்தினேன். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டதோடு சரி.

ஆட்டம் வெளிவந்தது. கோபுரம் ஏறுவது பிரமாதம், சம்மட்டியின் கனம் கையில் தெரிகிறது, மணியோசை கேட்டு உடம்பு சிலிர்த்தது என்று எழுதினார்கள். கோபுர உச்சியிலிருந்து விரியும் கடலுக்கு ஓவியர்களைப் பாராட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் திட்டினார்கள்: குகைக்குள் போனால் கேமரா சுவரில் முட்டிக்கொள்கிறது, பாம்பு எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, திரை முழுக்கக் கதாநாயகியின் தலைமுடிதான், இதைச் செய்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

ரெயால் அத்தனையையும் படித்திருந்தான். போனில், "உதைக்கறவன் உதைக்கட்டும், பேரைப் பார்த்துட்டு உதைப்பான்ல" என்றான்.

பட்டியலைப் பார்க்க ஆட்டத்தை முடித்தாக வேண்டும். நாற்பது மணி நேரம். கேமரா எழுதுகிறவன் நன்றாக ஆடுவான் என்று கட்டாயமில்லை. ரெயால் படுமோசமாக ஆடுவான். ஐந்தாம் கோபுரத்து மணியில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். இடப்பக்கப் படியில் ஏறு, பாம்பு தலையைத் தூக்கும்போது அடி என்று ஒரு மணி நேரம் வழி சொன்னேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கடைசி நிலவறைக்கு, "நீயும் வாயேன், சேர்ந்து பார்க்கலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தான். போனேன்.

ஜிஸ்லேன் தன் அக்காவையும் வரச்சொல்லியிருந்தாள். மேப்பிள் பாகு ஊற்றிய கேக்கும் செய்திருந்தாள். ரெயால் புதுச் சட்டை போட்டிருந்தான். நிலவறையில் அவனுடைய முடிக்காத கேமரா ஒவ்வொரு சுவரிலும் முட்ட, பதினேழு தடவை செத்தான். பதினெட்டாவது தடவை பாம்பு விழுந்தது. மணி அடித்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"எல்லாரும் பேசாம இருங்க" என்றாள் ஜிஸ்லேன்.

கேமரா என்ற தலைப்பு வந்தது. கீழே கடைசி எட்டு மாதத்துக்கு வந்த ஒரு பையனின் பெயர். ரெயால் முன்னால் சாய்ந்தான். "வேற எங்கயாவது போட்டிருப்பாங்க" என்றான். சோதனை என்ற தலைப்பு வந்தது. என் பெயரில் திரையை நிறுத்தினான். "ஜிஸ்லேன், இங்க பாரு, மிரேய் பேரு" என்று சொல்லிக் கைதட்டினான். அவள் அக்காவும் தட்டினாள். எனக்கு அந்த சோபாவோடு புதைந்துவிடலாம் போலிருந்தது.

மறுபடி ஓடவிட்டான். குழந்தைகள் வந்தார்கள். நாய் வந்தது. திரை கறுத்தது. அப்புறமும் ஏதாவது வரும் என்று அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டியல் முதல்ல உங்ககிட்டதானே வரும்?" என்றான், என் பக்கம் திரும்பாமல்.

"ஆமா."

"அப்ப எனக்கு அஞ்சாம் கோபுரத்துக்கு வழி சொன்னப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும், ரெயால்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, பின்வாசலில் பனி அள்ள வேண்டும் என்று எழுந்து போனான். அன்று பனியே பெய்யவில்லை.

ஜிஸ்லேன் என் கோட்டை எடுத்து வந்தாள். நான் கை நுழைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள், பொத்தானைக்கூடப் போட்டுவிட்டாள்.

"இனிமே வராதே, மிரேய்" என்றாள். "அவர் கேட்டா, நீ போன் எடுக்கலேன்னு நான் சொல்லிக்கறேன்."