கணபதியின் குளத்துக்கு வந்த அம்மாள்

விசுவமடுக் கணபதி வளர்த்ததைப் போலத் திடமான மீனை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் அவரே வெட்டிய சிறு குளம். உள்ளிப்பூண்டு, மஞ்சள், கீழ்க்காய்நெல்லி எல்லாவற்றையும் அரைத்துத் தவிட்டோடு உருட்டி, மாரிக்கு முன்பே தீனியாகப் போடுவார். நோய் வந்தபின் மருந்து தேடுவது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை கொக்கொன்று அவரது திலாப்பியாவைக் கொத்தப்போக, மீன் கொக்கையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது. நம்பாதவர்கள் அந்தக் கொக்கைக் கேட்கலாம்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி சண்டை மூண்டு, வன்னிக்குச் சாமான் வரும் ஏ-ஒன்பது பாதை பூட்டப்பட்டது. கடையில் உள்ளியும் இல்லை, மஞ்சளும் இல்லை. வீட்டுக்குக் கறி அந்தக் குளம்தான். மீன்கள் மருந்துருண்டை இல்லாமலே மழையைக் கண்டன. முதலில் வாய்க்காலில் விரால்கள் சிவந்த புண்ணோடு மிதந்தன. பிறகு கணபதியின் குளத்திலும் சில மீன்களில் புண்.

தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, சமாதான காலத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்பி, அங்கிருந்து மீன் வாங்க வரும் ஹமீட் சைக்கிளைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கணபதியண்ணை, மற்றதெல்லாம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. இண்டைக்கே வலையைப் போடுங்கோ. கருவாடாக்கினால் மாரி முழுக்கச் சாப்பிடலாம்."

"ஆத்தா வந்திருக்கா தம்பி. அவ இருக்கிற எடத்துல வலை போடுறதா?"

"மீனுக்கு அம்மாளோ?"

குசினி அடுப்படியிலிருந்து மனைவி கமலாட்சி குரல் கொடுத்தாள்: "ஆமா, மீனுக்கு எளநியும் குடுங்க, பாயும் விரிங்க!"

கணபதி சிரிக்கவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் மூத்த பிள்ளையை அம்மைக்குப் பறிகொடுத்தவர் அவர்.

மரம் மொட்டையாகும்வரை வேப்பங்குழை முறித்துச் சாக்குச் சாக்காகக் குளத்தில் கொட்டினார். அளவோடு போட்டால் வேம்பும் மருந்துதான். இது அழுகி, மீனின் மூச்சைக் குடித்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"கொழைய வெளிய எடுங்க." கமலாட்சி இப்போது கேலி பேசவில்லை.

"மூணு தண்ணி ஊத்தாம வேப்பிலைய எடுக்கக்கூடாது புள்ள."

அவர் காத்திருந்தார். புண் பட்ட மீனும் படாத மீனும் ஒன்றாக வயிற்றைக் காட்டின.

நாற்றம் தாங்காமல் வேலியோரம் கிடங்கொன்று தோண்டினார். மேகத்துக்கு மேலே குண்டு போடும் கிபிர் விமானம் இரைந்தது. ரோட்டால் போன ஹமீட் நின்று கேட்டார்:

"பங்கரோ அண்ணை?"

"மீனுக்கு."

மீன்களைக் கொட்டி, மண்ணை இழுத்து மூடி, மிதித்தார். பிறகு சற்றுத் தள்ளிப் போய், இரண்டு பேர் குந்தியிருக்கும் அகலத்துக்கு மறுபடியும் வெட்டத் தொடங்கினார். கமலாட்சி வானத்தைப் பார்த்தாள். கூடையை எடுத்துவந்து மண் அள்ளினாள்.