கடலை போட்டு வைத்த இசைத்தட்டு

எங்கள் கல்யாண பேண்டில் நான் கொங்கா மேளம் அடிக்கிறவன். கியூபாக் கலைஞர் ஒருவரின் பழைய சல்சா இசைத்தட்டைக் கேட்டுத்தான் படித்தேன். அவர் கை ஓய்கிற இடம்கூட எனக்கு மனப்பாடம். பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பன், "கேட்டுட்டுத் தாறன் மச்சான்" என்று அதை வாங்கிப்போனான். திருப்பிக் கேட்டால், "வீட்டதான் கிடக்கு" என்பான்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு வாசிக்கப் போனோம். இடைவேளையில் மேசைக்குக் கடலை வந்தது. கடலை இருந்த கிண்ணம், ஓர் இசைத்தட்டைச் சூடாக்கி வளைத்துச் செய்தது. நடுவில் அந்தக் கலைஞரின் பெயர். கீழே, நான் பேனாவால் எழுதிய என் பெயர்.

"ஹோட்டல்ல அலங்காரத்துக்குக் கேட்டாங்க, குடுத்தன். இப்ப ஆரு மச்சான் தட்டுக் கேக்கிற?" என்றான் நண்பன்.

அடுத்த பாட்டில் அந்தத் தட்டில் இருந்ததை அப்படியே அடித்தேன். கூட்டம் எழுந்து ஆடியது.

"இந்த அடி எங்க மச்சான் படிச்ச நீ?" என்றான் நண்பன்.

ஹோட்டலுக்குக் கொடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். அவன் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.